பார்சி மக்களின் தான்சாக்: ஓர் உணவும் அதன் வரலாறும்

பம்பாய் மாநகரில் (1995 முதல் அதன் பெயர் மும்பை) பார்சி மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளுக்குப் ‘பாக்’ என்று பெயர். தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அத்தகைய பாக் ஒன்றினுள் நுழைவோர்க்கு வீட்டுக்கு வீடு ஒரே மணம் எதிர்ப்படும் என்பர். ஆட்டிறைச்சி, பருப்பு, பரங்கிக்காய், வெந்தயக்கீரை, பட்டை, கிராம்பு ஆகிய அனைத்தும் ஒரே கலத்தில் வெந்து குழையும் மணம் அது. அவ்வுணவின் பெயர் தான்சாக். நண்பகலில் வயிறார உண்பதும், உண்டபின் மாலை வரை உறங்குவதும் அதற்குரிய முறை. அந்த உறக்கத்தையும் உணவின் ஓர் உறுப்பாகவே அம்மக்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வர்.

இவ்வளவு விரும்பி உண்ணப்படும் தான்சாக்கைப் பார்சிகள் திருமணப் பந்தியில் பரிமாறுவதில்லை. புத்தாண்டு நாளில் சமைப்பதில்லை. பிள்ளைகளுக்குச் சமயத் தீக்கை தரும் ‘நவ்ஜோத்’ நாளிலும், பிறந்த நாளிலும் அடுப்பில் ஏற்றுவதில்லை. ஓர் இனத்தாரின் தலைசிறந்த உணவு என்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற ஒன்று, அவ்வினத்தாரின் நல்ல நாள்கள் அனைத்திலும் விலக்கப்பட்டிருப்பது ஏன்? இக்கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தான்சாக் பாரசீகத்திலிருந்து கப்பலேறி வந்த உணவு என்று பலரும் எழுதி வருகின்றனர். அஃது உண்மைதானா? சரித்திரப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இவ்விரு கேள்விகளும் சுவையுடையனவாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

பார்சிகள் யாவர் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜரத்துஸ்திரர் என்னும் தீர்க்கதரிசியின் சமயத்தைப் பின்பற்றியது சாசானியப் பேரரசு. அராபியப் படைகள் 642இல் நகாவந்த் போர்க்களத்தில் அப்பேரரசின் முதுகெலும்பை முறித்தன. 651இல் அதன் கடைசி மன்னன் மூன்றாம் யஸ்தகிர்த் கொல்லப்பட்டான். அதன்பின் ஒரு கூட்டத்தார் தம் சமயத்தைக் காத்துக்கொள்ளக் கடல் கடந்து குஜராத்துக் கரையில் சஞ்சான் என்னுமிடத்தில் இறங்கினர். அவர்கள் வந்த ஆண்டு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பார் ஒரு சாரார். 10ஆம் நூற்றாண்டு என்பார் மற்றொரு சாரார். 2002 முதல் 2004 வரை சஞ்சானில் நடந்த அகழாய்வில் மேற்காசிய மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன; அவ்வூர் பழைய துறைமுகம் என்பது அதனால் உறுதிப்பட்டது.

அவர்கள் வருகையைப் பாடும் நூல் ‘கிஸ்ஸா-இ-சஞ்சான்’. பஃமன் கைகோபாத் என்னும் குருவானவர் 1599இல் பாரசீகச் செய்யுளில் இயற்றியது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன என்பதை மனத்திற் கொண்டே அதைப் படித்தல் வேண்டும். உள்ளூர் மன்னன் ஜாடி ராணா விதித்த கட்டளைகளை அந்நூல் கூறுகிறது: உங்கள் சமயம் யாது என விளக்குங்கள், இந்நாட்டு மொழியைப் பேசுங்கள், உங்கள் பெண்கள் இந்நாட்டு உடை உடுத்தட்டும், படைக்கலங்களைக் கீழே வையுங்கள், திருமணங்களை மாலையில் நடத்துங்கள். பால் நிறைந்த கிண்ணத்தில் சர்க்கரை கலந்து காட்டிய கதை ஒன்றும் எல்லாரும் அறிந்ததே. ‘எங்கள் நாட்டில் இடமில்லை’ என்று மன்னன் பால் நிறைந்த கிண்ணத்தை அனுப்பினானாம். ‘பாலில் சர்க்கரை போல் கலந்துவிடுவோம்’ என்று குருமார் விடை அனுப்பினராம். இனிய கதைதான். ஆனால் அது கிஸ்ஸா நூலில் இல்லை என்பதை மாணவர்க்குச் சொல்லிவிடுவது நல்லது.

அக்கட்டளைகளில் மொழி பற்றியது நம் சிந்தனைக்கு உரியது. பார்சிகள் அதை முற்றாக ஏற்றனர். வீட்டிலும் கடையிலும் குஜராத்தி மொழி தாய்மொழியாயிற்று. பாரசீகம் குருமார், கற்றோர் அளவில் நின்றது. ஏற்றுக்கொண்ட மொழிக்கு அவர்கள் செய்த தொண்டும் சிறிதன்று. 1822இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற ‘மும்பை சமாச்சார்’ என்னும் குஜராத்தி இதழை நிறுவியவர் பர்துன்ஜி மர்ஸ்பான் என்னும் பார்சியே. 200 ஆண்டுகளைக் கடந்தும் அவ்விதழ் வெளிவந்துகொண்டிருக்கிறது. மொழியை விட்ட ஓர் இனத்தார் எதைக் கொண்டு தம்மை வேறென்று அறிந்து வந்தனர்? தீக்கோயில் ஒன்று, இடுப்பில் கட்டும் புனித நூல் ஒன்று, திருமணக் கட்டுப்பாடு ஒன்று, அடுப்படி ஒன்று. மலாயாத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாகத் தமிழைக் காக்கப் பள்ளிக்கூடம் வைத்துப் பாடுபடும் நமக்கு, மொழியின்றி இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்தவர்களைக் கண்டு வியப்பும் உண்டாகிறது. சற்றே அச்சமும் உண்டாகிறது. அது நிற்க.

இனி, பெயரைப் பார்ப்போம். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு மொழிப்பாடம் எடுத்தவர், பொருள் விளங்காத சொல்லை முதலில் பிரித்துப் பார் என்று அடிக்கடி சொல்வார். தான்சாக் என்பதைப் பிரித்தால் ‘தான்’, ‘சாக்’ என இரண்டாகும். ‘சாக்’ என்பது குஜராத்தியில் காய்கறிக் கறி. வடமொழிச் ‘சாகம்’ அதன் மூலம். ‘தான்’ என்பதற்குச் செல்வம் என்று பொருள் கூறி, ‘செல்வம் நிறைந்த கறி’ என விளக்குவாரும் உளர். அது பொருந்தாது. செல்வத்தைக் குறிக்கும் ‘தன’ என்னும் சொல் குறில். உணவின் பெயரில் உள்ளதோ நெடில். நெடிலோடு கூடிய ‘தான்’ தானியத்தைக் குறிப்பது. தமிழில் நாம் வழங்கும் தனம், தானியம் என்னும் இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

தானியம் என்றால் எந்தத் தானியம்? பருப்பு என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். ஆனால் பார்சிகளின் இன்னோர் உணவுக்குத் ‘தான்-தார்’ என்று பெயர். வெள்ளைச் சோறும் பருப்பும் என்பது அதன் பொருள். அங்கே ‘தார்’ பருப்பையும் ‘தான்’ சோற்றையும் குறிக்கின்றன. அந்த வழக்கை ஒட்டிப் பார்த்தால் தான்சாக் என்பது ‘சோறும் கறியும்’ என்றே ஆகும். இஃது என் கருத்து, வற்புறுத்த மாட்டேன். ஆயினும் இக்கருத்தை ஏற்றால் ஓர் உண்மை தெளிவாகிறது. தான்சாக் என்பது குழம்பின் பெயர் மட்டும் அன்று, தட்டு முழுவதன் பெயர். சோறில்லாமல் குழம்பை மட்டும் கிண்ணத்தில் ஊற்றித் தருவது தான்சாக் ஆகாது. பார்சிப் பாட்டிமார்களும் இதையே சொல்வர், சொல்லாராய்ச்சி எதுவும் செய்யாமலே.

பெயர் முழுவதும் குஜராத்தி. பாரசீகச் சொல் ஒன்றும் அதில் இல்லை. இது முதற் சான்று. இரண்டாம் சான்று கலத்தினுள்ளே கிடக்கிறது.

தான்சாக்கின் உடல் பருப்பு. துவரம் பருப்பு முதன்மையானது. அதனுடன் மைசூர்ப் பருப்பு, பாசிப்பருப்பு, வால் என்னும் மொச்சைப் பருப்பு ஆகியவற்றைச் சேர்ப்பர். மூன்று சேர்ப்பாரும் உண்டு. நான்கு சேர்ப்பாரும் உண்டு. காய்கறிகளில் சிவந்த பரங்கிக்காய் இன்றியமையாதது. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம், வெந்தயக்கீரை, கொத்துமல்லி, புதினா ஆகியவை சேரும். புளியும் வெல்லமும் இறுதியில் வரும்.

இப்பட்டியலைச் சரித்திர ஆசிரியர் கண்ணோடு பார்த்தல் வேண்டும். மைசூர்ப் பருப்பு மேற்காசியாவில் முதன்முதல் பயிரானது. பெயரைக் கொண்டு மைசூரில் விளைந்தது என நினைத்தல் ஆகாது. ‘மசூர்’ என்னும் வடசொல்லே நம் வாயில் மைசூர் ஆயிற்று. துவரை இந்திய மண்ணுக்குரியது. கத்தரிக்காயும் அவ்வாறே. ஆனால் பரங்கிக்காய், மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்துப் பொருள்கள். 1492இல் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன் பழைய உலகத்தில் எவரும் அவற்றைக் கண்டதில்லை. பரங்கிக்காயின் பெயரையே நோக்குக. பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்தது போர்ச்சுக்கீசியரை. அவர்கள் கொண்டுவந்த காய் பரங்கிக்காய் ஆயிற்று. ஒரு சொல்லுக்குள் ஒரு சரித்திரப் பாடம் அடங்கியிருக்கிறது.

போர்ச்சுக்கீசியர் 1534இல் பஸ்ஸீன் நகரையும், 1535இல் தியூவிலும், 1559இல் டாமனிலும் காலூன்றினர். டாமன், பார்சிகள் இறங்கிய சஞ்சானுக்கு அண்டை ஊர் என்றே சொல்லத்தகும். எனவே அக்கரையோரத்தில் மிளகாயும் பரங்கிக்காயும் 16ஆம் நூற்றாண்டிலோ அதன் பிறகோதான் அடுப்புக்கு வந்திருக்க இயலும். உருளைக்கிழங்கும் தக்காளியும் பரவலாக அடுக்களையில் புழங்கியது அதற்கும் மிகப் பிற்காலத்தில். ஆகவே இன்று நாம் அறியும் தான்சாக் சஞ்சானில் இறங்கிய கப்பலில் இருந்திருக்க முடியாது.

மூன்றாம் சான்றும் ஒன்று உண்டு. பாரசீகத்திலேயே தங்கிவிட்ட ஜரத்துஸ்திர சமயத்தார் யஸ்த், கெர்மான் ஆகிய ஊர்களில் தொடர்ந்து வாழ்ந்தனர். பம்பாய்ப் பார்சிகள் 1854இல் மானக்ஜி லிம்ஜி ஹதாரியா என்பவரைத் தூதராக அனுப்பி, அங்குத் துன்புற்றிருந்த தம் இனத்தாருக்கு உதவி செய்தனர். அவர் தொடங்கிய முயற்சியால் 1882இல் அவர்கள்மீதிருந்த ஜிஸ்யா வரி நீங்கிற்று. அந்த ஊர்களின் உணவு மரபில் தான்சாக் இல்லை. அங்கிருந்து பிற்காலத்தில் பம்பாய்க்கு வந்து தேநீர்க்கடை வைத்துப் புகழ்பெற்ற ‘இரானிகள்’ இவ்வுணவைப் பம்பாயில்தான் கற்றனர்.

அப்படியானால் பாரசீகத்தின் பங்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. புளிப்பையும் இனிப்பையும் இறைச்சியோடு கூட்டுவது பழம் பாரசீகச் சமையலின் இயல்பு. மாதுளைச் சாறு, உலர்ந்த பழங்கள் ஆகியவற்றோடு இறைச்சியை மெல்ல வேகவைப்பது அவர்கள் வழக்கம். பார்சிகள் இன்றும் ‘ஜர்தாலு’ என்னும் உலர்ந்த பாதாமிப் பழத்தை இறைச்சியில் சேர்க்கின்றனர். ‘புளிப்பு, இனிப்பு, காரம்’ மூன்றும் ஒத்து நிற்பதே நல்ல சுவை என்பது அவர்கள் கொள்கை. குஜராத்திகளும் பருப்பில் வெல்லமிடுவர் என்பது மெய்யே. ஆனால் அவருட் பலர் இறைச்சி உண்ணாதவர். பருப்பை அவர்களிடமிருந்தும், இறைச்சியை இப்படிச் சமைக்கும் மனப்பாங்கைத் தம் பழைய நாட்டிலிருந்தும் பார்சிகள் எடுத்துக்கொண்டனர் என்று சொல்வதே நடுநிலையாகும். நாவின் நினைவு பாரசீகத்தது. கலத்துப் பொருள் குஜராத்தினது. காயின் நிறமும் காரமும் பரங்கியர் தந்தவை.

மசாலை பற்றித் தமிழாசிரியர்க்குச் சொல்லவேண்டிய ஒரு செய்தி உண்டு. தான்சாக்குக்கு இரு பொடிகள் வேண்டும். ஒன்று தான்சாக் மசாலா: கொத்துமல்லி விதை, சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு, ஏலம், சாதிபத்திரி, அன்னாசிப்பூ முதலியன வறுத்து இடித்தது. மற்றொன்றின் பெயர் ‘சம்பார் மசாலா’! நம் சாம்பார்ப் பொடி எப்படிப் பார்சி வீட்டுக்குள் நுழைந்தது என்று கேட்கத் தோன்றும். நுழையவில்லை. மிளகாய்த்தூள், வெந்தயம், கடுகு, பெருங்காயம், மஞ்சள் ஆகியவற்றை எண்ணெய் விட்டுப் பிசிறி வைப்பது அது. குஜராத்தி ஊறுகாய்ப் பொடிக்கு உறவினது. ‘சம்பாரம்’ என்னும் வடசொல் தேவையான பொருள்களின் தொகுதியைக் குறிக்கும். தமிழிலும் சம்பாரம் என்பது கறிக்கு வேண்டிய மசாலைப் பண்டங்களுக்கு வழங்கிய பழஞ்சொல்லே. ஒரு மூலச்சொல் தெற்கே ஒரு குழம்புக்கும் மேற்கே ஒரு பொடிக்கும் பெயராக நிலைத்தது எனக் கொள்ளலாம். சாம்பாருக்கு மராட்டிய மன்னர் சம்பாஜியின் பெயரைக் காரணம் காட்டும் தஞ்சாவூர்க் கதையைச் சொல்வோர் இந்தப் பார்சிப் பொடியையும் கணக்கிற் கொள்வாராக.

சமைக்கும் முறை நீண்டது, கடினமானதன்று. பருப்புகளை ஊறவைத்து, நறுக்கிய காய்கள், கீரைகள், எலும்போடு கூடிய ஆட்டிறைச்சி, மஞ்சள், உப்பு ஆகியவற்றோடு ஒன்றாக வேகவைப்பர். இறைச்சி வெந்ததும் துண்டுகளைத் தனியே எடுத்துவிடுவர். எஞ்சிய பருப்பையும் காயையும் மசித்துச் சல்லடையில் தேய்த்து வடிப்பர். இதுதான் பழைய வீடுகளின் முறை. பரங்கிக்காய் எது, கத்தரிக்காய் எது என்று கண் அறியக்கூடாது. நாக்கு மட்டும் அறியவேண்டும். பிறகு வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும் பொடிகளும் சேர்த்து, வடித்த பருப்பையும் இறைச்சித் துண்டுகளையும் அதில் கூட்டிச் சிறு தீயில் விடுவர். புளிக்கரைசலும் சிறிது வெல்லமும் கடைசியில். இந்தச் சிறு தீயில் கழியும் பொழுதுதான் குழம்பை ஒன்றாக்குகிறது. அவசரப்படுவோர் சமைப்பது பருப்பில் போட்ட இறைச்சியாக நிற்குமே ஒழியத் தான்சாக் ஆகாது.

இதனோடு வரும் சோற்றுக்குப் ‘பழுப்புச் சோறு’ என்று பெயர். கடைகளில் உடல்நலத்துக்கென்று விற்கும் தீட்டாத அரிசி அன்று இது. நல்ல வெள்ளை நீள அரிசியே. சட்டியில் சர்க்கரையைக் கருகும் நிலைக்குச் சற்று முன்வரை காய்ச்சி, அது கருஞ்சிவப்பானதும் நீர் விட்டு, அந்த நீரில் பட்டை, கிராம்பு, ஏலம், மிளகு, பொரித்த வெங்காயம் ஆகியவற்றுடன் அரிசியை வேகவைப்பர். சோறு பழுப்பு நிறம் பெறும். இனிப்பு நாவில் தட்டாது. கருகிய சர்க்கரையின் மெல்லிய கைப்பு மட்டும் தங்கும். புளிப்பும் வெல்லமும் உள்ள குழம்புக்கு அக்கைப்பு ஈடு கொடுக்கிறது. வெள்ளைச் சோற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை.

மூன்றாவது, ‘கவாப்’. கொத்திய இறைச்சியில் புதினா, கொத்துமல்லி, பச்சைமிளகாய், இஞ்சி சேர்த்து எலுமிச்சங்காய் அளவு உருட்டிப் பொரித்த உருண்டை. சோற்றின் மேல் இரண்டோ மூன்றோ வைப்பர். நான்காவது, ‘கச்சும்பர்’. வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய், கொத்துமல்லி, பச்சைமிளகாய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி எலுமிச்சைச் சாறோ காடியோ விட்டுக் கலப்பது. நவ்சாரி என்னும் குஜராத்து ஊரில் கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் காடி இதற்கு உயர்ந்தது என்பர். தட்டில் முதலில் பழுப்புச் சோறு, அதன்மேல் தான்சாக், பக்கத்தில் கவாப், ஓரத்தில் கச்சும்பர், பிழிந்துகொள்ள எலுமிச்சைத் துண்டு. குளிர்ந்த பீர் ஒரு குவளை வைத்துக்கொள்வதும் பம்பாய்ப் பார்சி ஆடவரின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நல்ல நாளில் தான்சாக் ஏன் விலக்கு?

ஜரத்துஸ்திர சமயத்தில், இறந்தவரின் உயிர் மூன்று நாள் இவ்வுலகத்திலேயே தங்கியிருக்கும் என்பது நம்பிக்கை. நான்காம் நாள் விடியலில் அது ‘சின்வத்’ என்னும் பாலத்தை அடைகிறது. நல்லோர்க்கு அப்பாலம் அகன்றும், தீயோர்க்குக் கத்தி முனைபோல் ஒடுங்கியும் இருக்கும் என்பர். ஆகவே முதல் மூன்று நாளும் குடும்பத்தாருக்கு வழிபாட்டு நாள்கள். இறைச்சி கூடாது. இந்த விலக்குக்குப் ‘பர்ஹேஸ்’ என்று பெயர். நான்காம் நாள் விடியலில் சடங்கு முடிகிறது. உயிர் பாலத்தைக் கடந்துவிட்டது. அன்று விலக்கை நீக்கிக் குடும்பத்தார் உண்ணும் இறைச்சி உணவே தான்சாக்.

துக்கம் முடிந்த நாளின் உணவை, வாழ்த்துப் பெறும் நாளில் எவ்வாறு பரிமாறுவது? நம்மவரிடையேயும் பல குடும்பங்களில் கருமாதி முடிந்த பின்னரே வீட்டில் கறி சமைக்கும் முறை இருப்பதை அறிவோம். ஆயினும் நாம் அந்தக் கறிக்குத் தனிப்பெயர் சூட்டி, மற்ற நல்ல நாளில் அதை ஒதுக்கி வைப்பதில்லை. பார்சிகள் ஒதுக்கினர். ஆனால் வெறுக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. தான்சாக் துக்க உணவு அன்று. துக்கத்தைவிட்டு வெளியே வரும் உணவு. மூன்று நாள் இறைச்சியின்றி அழுதிருந்த வீட்டில், பெருங்கலத்தில் பலர்க்கும் போதுமான அளவில், பல் விழுந்த முதியவரும் உண்ணத்தக்கவாறு குழைய வெந்த ஒன்று வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான உணவை எண்ணிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

நல்ல நாளின் உணவு வேறு. புத்தாண்டிலும் பிறந்த நாளிலும் வாயிற்படியில் வெண்பொடியால் கோலமிட்டு, நிலையில் பூச்சரம் தொங்கவிடுவர். காலையில் நெய்யில் வறுத்துச் சமைத்த சேமியாவும் தயிரும். பகலில் தான்-தார், அதனுடன் மீனோ இறாலோ இட்ட ‘பாட்டியோ’ என்னும் புளிப்பும் காரமும் உள்ள கறி. மீன் அவர்களுக்கு மங்கலப் பொருள். வெள்ளைச் சோறு, மஞ்சள் பருப்பு, சிவந்த பாட்டியோ ஆகிய மூன்றும் தனித்தனியே தட்டில் விளங்கும். இதையே தான்சாக்கோடு ஒப்பிடுக. அங்கே எல்லாம் கலந்து ஒன்றாகிப் பழுப்பாகிவிடுகின்றன.

திருமண விருந்துக்குப் ‘பத்ரா’ என்று பெயர். பத்ரம் என்றால் இலை. ஆம், வாழை இலைதான். வரிசையாக உட்காரவைத்து, ‘ஜம்வா சலோஜி’, அதாவது ‘உண்ண வாருங்கள்’ என்று அழைத்து, வாழை இலை போட்டுப் பரிமாறுவர். பச்சைச் சட்டினி பூசி வாழையிலையில் மடித்து வேகவைத்த மீன் அவ்விருந்தின் அரசன். இறைச்சிக்கறி, கோழி, முட்டை, பாலேடு எல்லாம் வரும்; முடிவில் இறைச்சிப் புலாவும் அதற்குப் பருப்பும் வரும். பருப்பும் உண்டு, இறைச்சியும் உண்டு, சோறும் உண்டு. ஆனால் மூன்றையும் தான்சாக்காகக் கூட்டுவது மட்டும் இல்லை. இதிலிருந்தே, விலக்கு எந்தப் பொருளின் மேலும் அன்று, அந்தக் கூட்டின் மேல் என்பது விளங்கும். ‘பஃமன்’ என்னும் மாதம் முழுவதும் பலர் இறைச்சி தவிர்ப்பதும் உண்டு. கால்நடைகளுக்குக் காவலான தேவதையின் மாதம் அது. அந்த மாதத்து ஞாயிறுகளில் தான்சாக் காய்கறியோடு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வுணவு வந்த காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. வார விடுமுறையாக ஞாயிறு வந்தது ஆங்கிலேயர் ஆட்சியில். சூரத்திலும் நவ்சாரியிலும் வாழ்ந்த பார்சிகள் பம்பாய்க்குப் பெருந்தொகையாக நகர்ந்ததும் அக்காலத்தில்தான். கப்பல் கட்டும் லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா சூரத்திலிருந்து அழைக்கப்பட்டது 1730களில். சீன வாணிகத்தில் பொருளீட்டிய ஜம்சேத்ஜி ஜீஜீபாய் 1857இல் பரம்பரைப் பட்டம் பெற்றார். வங்கி, ஆலை, வழக்குமன்றம் ஆகியவற்றில் ஆறு நாள் உழைத்தவர்க்குச் சமைக்கப் பாதி நாளும் செரிக்கப் பாதி நாளும் கேட்கும் ஓர் உணவு ஏழாம் நாளில்தானே பொருந்தும்? 1884இல் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் நிறுவப்பட்ட ரிப்பன் மன்றம் மட்டும் புதன்கிழமையில் தான்சாக் பரிமாறிப் புகழ்பெற்றது. உண்டவர் சாய்ந்துகொள்ள நீண்ட கையுள்ள நாற்காலிகள் அங்கு வரிசையாகப் போடப்பட்டிருந்தன. வழக்கறிஞர்கள் பலர் பிற்பகல் வழக்குக்கு எந்நிலையில் சென்றனரோ, அறியோம்!

ஆங்கிலத் தீவில் வங்காளத்தவர் நடத்தும் உணவகங்களும் தான்சாக் என்று ஒன்றை விற்கின்றன. பருப்புக் குழம்பில் இறைச்சியோ கோழியோ இட்டு, காரமும் இனிப்பும் மிகுத்து, சில இடங்களில் அன்னாசித் துண்டும் போட்டுத் தருவர். பழுப்புச் சோறு இல்லை, கச்சும்பர் இல்லை. எந்த நாளிலும் கிடைக்கும், பிறந்த நாள் விருந்துக்கும் கிடைக்கும். பெயர் மட்டும் கடல் கடந்து சென்று, பெயருக்குரிய முறை கரையில் நின்றுவிட்டது.

நம் பக்கத்தில் பார்சிகளின் அடிச்சுவடு இல்லாமலில்லை. சிங்கப்பூரில் ஷெண்டன் சாலையை அடுத்துப் பார்சி சாலை இன்றும் உண்டு; அவர்களுடைய பழைய இடுகாடு பக்கத்துப் பாமர் குன்றில் இருந்தது. சோடா நீர் ஆலை நடத்திய நவ்ரோஜி மிஸ்திரி (1885–1953) பொது மருத்துவமனையில் குழந்தைகள் பகுதி கட்டப் பெருந்தொகை வழங்கினார். மிஸ்திரி சாலை அவர் பெயரால் வழங்குகிறது. சென்னை இராயபுரத்திலும் 1910இல் அமைந்த தீக்கோயில் ஒன்று உண்டு. கிளப்வாலா குடும்பத்தார் கட்டியது. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் செய்த சமூகத் தொண்டு தமிழ்நாட்டார் அறிந்ததே. எண்ணிக்கையிற் சிறியவர் செய்த அறம் சிறியதன்று.

அந்த எண்ணிக்கைதான் இன்று கவலைக்குரியது. இந்தியாவில் 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,14,890 பார்சிகள் இருந்தனர். 2001இல் 69,601. 2011இல் 57,264. காலங்கடந்த திருமணம், மணமின்றி இருத்தல், அயல்நாடு செல்லல், புறமணம் செய்த பெண்ணின் மக்களைச் சமயத்தில் ஏற்க மறுத்தல் ஆகியவை காரணங்கள். இந்திய அரசு 2013இல் ‘ஜியோ பார்சி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிக் குழந்தைப்பேற்றுக்கு உதவி வருகிறது. வீட்டில் ஆள் குறைந்தால் பெருங்கலம் எதற்கு? முதியவர் இருவர் மட்டும் உள்ள வீட்டில் எவரும் நான்கு வகைப் பருப்பை ஊறவைத்துச் சல்லடையில் தேய்ப்பதில்லை. அத்தகைய வீடுகளுக்கு ஞாயிறுதோறும் தான்சாக்கைச் சமைத்து அடுக்குப் பாத்திரத்தில் கொண்டு தருவோர் பம்பாயில் இருக்கின்றனர். மெஹர்பாய் வாடியா என்னும் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘விவித் வாணி’ என்னும் பெரிய குஜராத்திச் சமையல் நூலை எழுதினார். அவர் காலத்தில் சமையல் குறிப்பை எழுதிவைத்தது வளத்தால். பிக்கூ மானேக்‌ஷா 1996இல் ‘பார்சி உணவும் வழக்கங்களும்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் வெளியிட்டபோது காரணம் வேறாகியிருந்தது.

நம் வீடுகளில் இதைச் செய்து பார்க்க விரும்புவோர்க்கு எப்பொருளும் அரிதன்று. சந்தையில் லாபு என்று கேட்டால் பரங்கிக்காய் கிடைக்கும். வால் பருப்பு கிடைக்காவிடில் உலர்ந்த மொச்சையை ஊறவைத்துத் தோலுரித்துக் கொள்ளலாம். வெந்தயக்கீரை இல்லையேல் வெந்தயத்தை ஒரு கரண்டி ஊறவைத்து அரைத்துச் சேர்க்கலாம். கைப்பு மிகாமல் பார்த்துக்கொள்க. ஆட்டிறைச்சி எலும்போடு இருக்கட்டும். பழுப்புச் சோற்றுக்குச் சர்க்கரையைக் காய்ச்சும்போது அடுப்பை விட்டு அகலாதீர்கள்; கணப்பொழுதில் கரியாகிவிடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேண்டா. சாதாரண ஞாயிறு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அன்று பிற்பகலில் பெற்றோர் சங்கக் கூட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதிருத்தல் நலம்.